பன்னண்டு பேரும் நல்லா வரணும்

அத்தியாயம் 14

கலைமதியைக் கையில் ஒரு கடிதத்தோடு போன வாரம் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள்.

ஆரோவில்லில் ஒரு கட்டடக்கலை அலுவலகம் அவளைச் செயலாளர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. தனி அறை, தனி போன், ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்கு வீடு. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

விஷயம் புருஷன் பிரபாகரனுக்கு மட்டும் தெரியும். அவன் "உன் இஷ்டம் கலை" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான். நல்லவன்தான், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது?

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

கலைமதி இப்போது பார்ப்பதும் செயலாளர் வேலைதான். மரக்காணத்தில் உள்ள ஸ்ரீவசந்தா சால்ட் ஒர்க்ஸ். முதலாளி தட்சணாமூர்த்தி அவளுடைய மாமனார். போர்டில் பெயராக இருக்கும் வசந்தா அவளுடைய மாமியார். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்தவள், "நம்ம கம்பெனி இருக்கும்போது வெளிய எதுக்கும்மா?" என்று மாமனார் கூப்பிட்டதும் நம்பி வந்தாள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

தட்சணாமூர்த்திக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கூடாது. செருப்பைக் கழற்றும்போதே ஆபீசையும் வாசலில் கழற்றிவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு விளையும் மாதங்களில் அந்த மனிதர் ஆபீஸ் பக்கமே வருவதில்லை. காலையிலிருந்து உப்பளத்து வரப்பில் நிற்பார். போனை வண்டி டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவார். உப்புக்காற்று போனுக்கு ஆகாதாம். ஆபீசில் அவர் இல்லை, உப்பளத்தில் போன் இல்லை, வீட்டில் பேச்சு இல்லை. ஒரு செயலாளர் தன் முதலாளியிடம் எங்கேதான் வாயைத் திறப்பது?

காலை ஏழு மணிக்குத் தட்சணாமூர்த்தி வெள்ளை வேட்டி சட்டையில் சாப்பிட உட்கார்ந்தார். கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. வசந்தா நேற்றே போய்விட்டாள். இவர் தலையைக் காட்டிவிட்டுப் பத்து மணிக்குள் திரும்ப வேண்டும். புதுச்சேரியில் ஊறுகாயும் அப்பளமும் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்கள். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க உப்பு இங்கிருந்துதான் போகும்.

கலைமதி தோசையை அவர் தட்டில் போட்டாள். "மாமா, இன்னிக்கு பத்து மணிக்கு வர்றாங்களே, அந்த..."

தட்சணாமூர்த்தி ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். "வீட்ல?"

"இல்ல மாமா, சட்னி போதுமான்னு கேட்டேன்."

"போதும், போதும்."

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் வைஜெயந்தி ஒரு கத்தைக் காகிதத்தை மேசையில் தட்டி அடுக்கினாள். புதுச்சேரியில் எம்.பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறாள். "அப்பா, இது ஆபீஸ் பேச்சு இல்ல. காலேஜ் பேச்சு. பேசலாமா?"

"காலேஜ்னா தாராளமா பேசு."

"ஆபீஸ்ல செக்ரட்டரிங்க வேலைக்கு என்னென்ன தடங்கல் வருதுன்னு என் ப்ராஜெக்ட். முப்பது பேர் கிட்ட இருபது கேள்வி கேட்டேன். பேர் எழுதத் தேவல. எல்லா பதிலயும் நானே டைப் பண்ணிட்டேன். பதினேழாவது ஆள் எழுதினத கேளுப்பா."

கலைமதியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. பதினேழாவது ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, மனதில் இருந்ததையெல்லாம் அந்தப் படிவத்தில் கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

வைஜெயந்தி சத்தமாகப் படித்தாள். "கேள்வி மூணு. கம்ப்யூட்டர் வசதி போதுமானதா? பதில்: கம்ப்யூட்டர் இருக்கிறது. மெயிலைத் திறக்க முதலாளியின் போனுக்கு ஓ.டி.பி. வரும். போன் வண்டி டிக்கியில் இருக்கும். வண்டி எங்கே இருக்கும் என்று வண்டிக்கே தெரியாது."

தட்சணாமூர்த்தி சிரித்தார்.

"கேள்வி ஏழு. சந்தேகம் கேட்க முதலாளியிடம் நேரம் கிடைக்கிறதா? பதில்: ஆபீசில் அவர் இருக்க மாட்டார். அவர் இருக்கும் இடத்தில் ஆபீசைப் பற்றிப் பேசக் கூடாது."

இதற்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சிரித்தார்.

"கேள்வி பதினொண்ணு. உத்தரவுகள் தெளிவாக வருகின்றனவா? பதில்: தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார். குறிலும் தெரியாது, நெடிலும் தெரியாது. என்றைக்காவது ஒரு நாள் இதனால் பெரிய கூத்து நடக்கும்."

தட்சணாமூர்த்திக்குப் புரை ஏறிவிட்டது. கலைமதி தண்ணீரை நீட்டினாள். அதைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கேட்டார். "எந்த ஊரு ஆளும்மா அந்த மொதலாளி? இப்படியும் ஒருத்தன் இருப்பானா?"

"பேர் சொல்லக் கூடாதுப்பா. அதான் ரூல்."

"அந்தப் பொண்ணு இன்னும் எதுக்கு அங்க குப்ப கொட்டுது? நானா இருந்தா அன்னிக்கே வெளிய வந்துடுவேன். போய் சொல்லு அது கிட்ட. எங்கப்பா கெளம்பச் சொன்னாருன்னு சொல்லு."

கை கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துப் போயே போய்விட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று கலைமதிக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் மாமனார் அவளுக்குச் சொன்ன முதல் தெளிவான உத்தரவு இதுதான்! அதுவும் வேலையை விட்டுவிடச் சொல்லி! வைஜெயந்தி அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. சிரிப்பை அடக்கினால் அவளுக்குக் காதுதான் முதலில் சிவக்கும்.

ஆபீஸ் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கிடங்கின் முன்பக்கம். கலைமதியின் மேசையில் பாதியை மாமியார் வீட்டுக் கல்யாணப் பாத்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் இடமில்லையாம். பிரிண்டரில் காகிதம் போட வேண்டுமென்றால் முதலில் இட்லிக் குண்டானை இறக்க வேண்டும்.

அவள் போய் உட்கார்ந்ததும் கிளியனூரிலிருந்து வசந்தா போன் செய்தாள். வீட்டில் ஆபீஸ் பேச்சுக்குத்தான் தடை. ஆபீசில் வீட்டுப் பேச்சுக்குத் தடை எதுவும் இல்லை.

"கலை, ஃப்ரிட்ஜ்ல மாவு பொங்கியிருக்கும், வைஜிய பாக்கச் சொல்லு. கேஸ் புக் பண்ணிட்டியா? முருங்கக்கா வந்தா ரெண்டு கட்டு வாங்கி வையி."

"சரிங்கத்த."

"அப்புறம்... மெயில் ஏதாவது வந்துதா?"

"இன்னும் தொறக்கல அத்த. மாமா போனுக்கு நம்பர் வரணும்."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

இரண்டு வாரத்துக்கு மேலாக ஒவ்வொரு போனும் இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. கரண்டு பில் வருவதைத்தான் கேட்கிறாள் என்று கலைமதி நினைத்துக்கொண்டிருந்தாள். மெயிலைத் திறந்து இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. புதுச்சேரி கம்பெனியும் விவரமெல்லாம் மெயிலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்களாம். என்ன விவரமோ, அது உள்ளே பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

அவளிடம் இருந்ததெல்லாம் நேற்று மாமனார் டிக்கியிலிருந்து போனை எடுத்து அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வரிதான். வழக்கம்போல் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். வெள்ளி காலை பத்து மணி பார்ட்டி வருது. பன்னண்டு பேரும் நல்லா வரணும்.

கலைமதி உடனே உப்பளத்துப் பெண்களுக்குத் தலைவியான சின்னப்பாப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "அக்கா, நாளைக்கு உப்பு வார வேணாம். பன்னண்டு பேரும் பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்க. நல்லா வரணும்னு மாமா சொல்லியிருக்காரு."

வந்தார்கள் பாருங்கள்! ஒன்பதரைக்கே பன்னிரண்டு பேரும் ஆபீஸ் வாசலில். அத்தனை பேரும் பட்டுப்புடவை. தலை கொள்ளாத கனகாம்பரம். ஒருத்தி எதற்கும் இருக்கட்டும் என்று ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் கொண்டுவந்திருந்தாள். விடியற்காலையில் தலையில் துண்டும் பழைய சட்டையுமாகப் பாத்தியில் இறங்குகிறவர்கள் இவர்கள்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சின்னப்பாப்பா முந்தானையை விரித்துக் காட்டினாள். "நல்லா வரணும்னியே, இது போதுமா பாரு. என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது."

"சூப்பரா இருக்குதுக்கா. உள்ள வந்து உக்காருங்க."

"உள்ளயா?" சின்னப்பாப்பா வாசற்படியிலேயே நின்றாள். "பதினஞ்சு வருசமா வேல செய்யறேன். ஆபீசுக்குள்ள வான்னு கூப்பிட்டது இதான் மொத தடவ."

கலைமதி இட்லிக் குண்டானை இறக்கி, பாத்திரங்களை மூலையில் தள்ளி, எல்லாருக்கும் இடம் செய்தாள். டீ சொன்னாள். அந்தக் குறுகிய அறையில் மல்லியும் கனகாம்பரமும் நாப்தலின் வாசனையுமாக ஒரு கல்யாண வீடே கூடிவிட்டது.

பத்து மணி ஆனது. மாமனாரையும் காணோம், பார்ட்டியையும் காணோம். பத்து நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. தட்சணாமூர்த்தி.

குரலைத் தாழ்த்திப் பேசினார். "எங்கம்மா ஒருத்தரயும் காணோம்? பாத்தியில கொக்குதான் நிக்குது. மேடம் வந்து கால் மணி நேரமா வெயில்ல நிக்கிறாங்க!"

"எல்லாரும் இங்கதான் மாமா இருக்காங்க. ஆபீஸ்ல. நீங்கதான வரணும்னு அனுப்பினீங்க?"

"வரணும்னா? நான் எங்க வரணும்னேன்? வாரணும்னு அனுப்பினேன்! உப்பு வாரணும்! மேடம் பாக்கும்போது பன்னண்டு பேரும் நல்லா வாரணும்!"

கலைமதி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அந்த வரியைத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "வி, ஏ, ஆர், ஏ, என், யூ, எம்."

"அதான? வாரணும்! சரியாத்தான அடிச்சிருக்கேன்?"

"வரணும்னும் படிக்கலாம் மாமா."

முதலில் சிரித்தது சின்னப்பாப்பாதான். "அடக் கடவுளே! உப்பு வார்றதுக்கா என்ன பட்டுல கூட்டியாந்த?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டதும் மற்ற பதினோரு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்பீக்கரில் இருந்த மனிதர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் உடை மாற்றி வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அந்த அம்மாள் நிற்க மாட்டார். கலைமதி வாசலுக்கு ஓடினாள். உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி காலியாக நின்றது.

"அக்கா, அப்படியே ஏறுங்க. உப்பு வாரலன்னா போவுது, வார்றவங்க யாருன்னாவது அவங்க பாக்கட்டும். என்ன ஆச்சுன்னு நானே சொல்லிடறேன்."

"பட்டு கசங்கிடும்டி," என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கு கசங்காம என்னிக்கு கசங்கப் போவுது?" என்று சின்னப்பாப்பா முதல் ஆளாக ஏறினாள்.

பன்னிரண்டு பட்டுப்புடவைகளும் ஒரு சுடிதாரும் குட்டியானையில் நின்றபடி உப்பளத்துச் சாலையில் போனதை அன்றைக்குப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எதிரே வந்த மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "எந்த ஊரு கல்யாணம்?" என்று கேட்டார். "உப்புக்குக் கல்யாணம்!" என்று வண்டியிலிருந்து பதில் வந்தது.

உப்பளத்தில் தட்சணாமூர்த்தி ஒரு பெண்மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். புதுச்சேரி கம்பெனியின் கொள்முதல் மேலாளர் ஆரோக்கியசெல்வி. ஐம்பது வயது இருக்கும். குட்டியானையிலிருந்து ஒவ்வொருத்தியாகப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவதை அவர் வாய் பிளந்து பார்த்தார். பிறகு தட்சணாமூர்த்தியைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார்! நான் மெயில்ல கேட்டபடியே பண்ணிட்டீங்க. உப்ப எத்தனையோ எடத்துல பாத்துட்டேன். வேலை செய்யறவங்க கூட வேலை இல்லாத நேரத்துல, நிதானமா உக்காந்து பேசணும்னு எழுதியிருந்தேன். யாரும் இத்தனை மரியாதையா ஏற்பாடு பண்ணது இல்ல."

தட்சணாமூர்த்தி ஒரு விநாடி விழித்தார். அடுத்த விநாடி நிமிர்ந்துவிட்டார். "ஆமா மேடம்! அதான் இன்னிக்கு எல்லாருக்கும் வேலைய நிறுத்தி..."

பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கலைமதியால் முடியவில்லை. நாளைக்கு இந்த அம்மாள் இன்னொரு மெயில் அனுப்பி, அதுவும் பூட்டிலேயே கிடந்தால்?

"மேடம், உண்மைய சொல்லிடறேன். உங்க மெயில நாங்க இன்னும் தொறக்கவே இல்ல. இது தப்பா நடந்து சரியா வந்தது." போனை நீட்டி அந்த வரியைக் காட்டினாள். வரணும், வாரணும் கதையைச் சொன்னாள்.

ஆரோக்கியசெல்வி இரண்டு முறை படித்தார். அப்புறம் குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. "நானும் ஏழு வருஷம் செக்ரட்டரியா இருந்தவதாம்மா. எங்க மொதலாளி கையெழுத்த மெடிக்கல் ஷாப்புல குடுத்துதான் படிக்கச் சொல்லுவேன். ஆமா, நீங்க யாரு?"

கலைமதி வாயைத் திறப்பதற்குள் தட்சணாமூர்த்தி முந்திக்கொண்டார். "நம்ம மருமக மேடம். சும்மா ஆபீஸ பாத்துக்குது."

சும்மா. கலைமதி கீழே குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தாள். இரண்டு வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

கொட்டகையில் பாய் விரித்து ஒரு மணி நேரம் பேசினார்கள். பாத்தி வெயிலில் கண் கூசுவதை ஒருத்தி சொன்னாள், பித்தவெடிப்பில் உப்புத்தண்ணீர் படுவதை இன்னொருத்தி சொன்னாள். கால் உறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் தங்கள் கம்பெனியே கொடுக்கும் என்றார் ஆரோக்கியசெல்வி. கடைசியில் சின்னப்பாப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பட்டை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி, பலகையை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளை உப்பு வரிசையாகத் திரண்டு வந்தது. அதில் ஒரு கல்லை எடுத்து ஆரோக்கியசெல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும்போது சின்னப்பாப்பா கலைமதியின் கன்னத்தைத் தடவினாள். "நீ நல்லா வரணும்மா."

"இது எந்த வரணும்க்கா?"

"ரெண்டும் இல்ல. இது மூணாவது வரணும்."

மாலை மூன்றரை. ஆபீசில் கலைமதி தனியாக இருந்தாள். தன் போனில் ஆரோவில்லுக்கு ஒரே ஒரு சொல் அடித்து வைத்திருந்தாள். வருகிறேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. காலையில் எவ்வளவு சிரித்தார்கள், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! ஆனாலும் அந்த "சும்மா" மட்டும் தொண்டையில் மீன்முள் போல நின்றது.

வாசலில் வண்டி வந்து நின்றது. தட்சணாமூர்த்தி உள்ளே வந்தார். கையில் மடித்த காகிதங்கள். தன் நாற்காலிக்குப் போகவில்லை. கலைமதிக்கு எதிரே, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினேழாவது ஆள பாக்க வந்திருக்கேன்," என்றார்.

கலைமதி எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா. மத்தியானம் சோத்துல கைய வெச்சேன். 'பெரிய கூத்து நடக்கும்'னு எழுதியிருந்ததே, அது ஞாபகம் வந்துது. சோறு எறங்கல. வைஜி கிட்ட பேப்பர வாங்கி முழுசா படிச்சேன்." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேள்வி இருபத காலையில அவ படிக்கல. இங்கே தொடர்ந்து வேலை செய்ய விருப்பமா? பதில்: வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று நாற்பது.

"எங்க போற?"

"ஆரோவில்ல ஒரு ஆபீஸ் மாமா."

"பிரபாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன் இஷ்டம்னாரு."

"பொண்ணு பாக்கப் போனப்பவும் அவன் அதான் சொன்னான்." தட்சணாமூர்த்தி காகிதத்தை மேசையில் வைத்து நீவினார். "கெளம்பச் சொல்லி காலையில நானே சொல்லிட்டேன். இப்போ போகாதன்னு சொல்ல வெக்கமா இருக்குது."

கலைமதி மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "ஓ.டி.பி. கூட பரவால்ல மாமா. மேடம் கிட்ட சும்மா பாத்துக்குதுன்னு சொன்னீங்களே, அதான் தாங்கல."

"அது இந்த பேப்பர்ல இல்லியே."

"புதன்கிழமை எழுதினது மாமா. நீங்க இன்னிக்குதான சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். "தப்புதாம்மா," என்றார். அறுபத்திரண்டு வயதுக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. "புதுசா ஆள் எடுத்தா ஒரு மாசம் வெச்சுப் பாப்பாங்களே, அதுக்கு பேர் இன்னா?"

"ப்ரொபேஷன்."

"அது ஒரு மாசம் போட்டுப் பாரு."

"யாருக்கு மாமா?"

"எனக்குதான்."

கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தட்சணாமூர்த்தியும் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "இந்த நம்பர் வர்றத ஒன் போனுக்கு மாத்து. மாத்தறதுக்கும் ஒரு நம்பர் வருமா?"

"வரும். உங்க போனுக்குதான்."

வந்தது. ஏலக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னார். கலைமதி அடித்தாள். இருபத்திரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த மெயில் மடமடவென்று திறந்துகொண்டது.

அதே நேரம் அவர் போன் அடித்தது. ஆரோக்கியசெல்வி. தட்சணாமூர்த்தி எடுத்து, காதில் வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் மேடம். ஒரு நிமிஷம் இருங்க, எங்க செக்ரட்டரி கிட்ட குடுக்கறேன். அவங்கதான் பேசுவாங்க."

அவங்க. காலையில் பாத்துக்குது, மாலையில் அவங்க. கலைமதி போனை வாங்கிக் காதில் வைத்தாள். சித்திரையிலிருந்து உப்பு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் ஆரோக்கியசெல்வி. "எல்லா லெட்டரும் இனிமே உங்க பேருக்குதான் வரும். தமிழ் எழுத்துலயே அனுப்பறேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

நாலு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. கலைமதி தன் போனில் இருந்த "வருகிறேன்" என்ற சொல்லை அழித்தாள். எழுத்தில் சொல்ல இன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது, அதனால் நேராகவே கூப்பிட்டாள். "ரொம்ப நன்றிங்க. நான் வரலீங்க. இங்க ஒருத்தருக்கு இன்னிக்குதான் ப்ரொபேஷன் ஆரம்பிச்சிருக்குது."

தட்சணாமூர்த்தி சாலையில் போகும் லாரியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். காது மட்டும் இங்கேதான் இருந்தது. போனை அவள் வைத்ததும் எழுந்தார். கல்யாணப் பாத்திரங்களில் பாதியைத் தூக்கித் தன் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப். வழியில் வண்டியை நிறுத்தி அடித்திருக்க வேண்டும். முதல் முறையாகத் தமிழ் எழுத்து.

நீ நல்லா வாரணும்.

கலைமதி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மெயில் பக்கம் திரும்பினாள். இருநூற்றுப் பதினாறு படிக்காத கடிதங்கள். விளம்பரம், விளம்பரம், ஆரோக்கியசெல்வி, கரண்டு பில், விளம்பரம். அவற்றுக்குக் கீழே, பதினெட்டு நாளுக்கு முன் வந்த ஒன்று.

அவள் சிரிப்பு நின்றது.

அனுப்பியவர்: வசந்தா தட்சணாமூர்த்தி.

விஷயம்: செயலாளர் அம்மா பார்வைக்கு மட்டும். முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.